கொழும்பில் எங்கே சாப்பிடலாம் என்று என்னைக் கேட்டவர்கள்

வாடகை வான் ஓட்டுகிறவனுக்குப் பாதை தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் நானும் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இருபத்திரண்டு வருடமாகத் திருகோணமலைக்கும் கொழும்புக்கும் இடையில் ஓடுகிறேன். இதுவரை ஒருவரும் என்னிடம் பாதை கேட்டதில்லை. ஹபரணை தாண்டியதும் பின்னாலிருந்து வருகிற கேள்வி ஒன்றுதான்: "கொழும்பில எங்க சாப்பிடலாம்?"

அதற்கு நான் சொல்லிவந்த பதில் என்னுடையதல்ல. நசீர் என்ற இன்னொரு சாரதி எனக்குச் சொன்ன கதை அது. பல வருடங்களாக அந்தக் கதையில் எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் முழுதாக நம்புகிறவன் போலவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் கிளினிக்குக்கும் என்று விடிய முதல் வெளிக்கிட்டு, மத்தியான வெயிலில் கடைப் பலகைகளை அண்ணாந்து பார்த்தபடி நின்றவர்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும். உங்களில் சிலரை அந்தக் கடைக்குக் கூட்டிப்போனவன் நானாகவும் இருக்கலாம்.

மூன்று பிளேட்

நசீர் கிண்ணியாக்காரன். என்னைப் போலவே ஐம்பதைத் தாண்டியவன். எங்கள் இரண்டு வான்களும் உள்துறைமுக வீதியில் ஒரே மரத்துக்குக் கீழே நிற்கும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், எங்கள் ஊர் வீதிகளில் மாடு மாதிரித் திரியும் மான்களுக்கு வாழைப்பழத் தோலை எறிந்துகொண்டே அவன் சொன்னான். மருதானைப் பக்கம் ஒரு ஒழுங்கையில் பச்சைக் கதவு போட்ட கடை ஒன்று இருக்கிறது. அங்கே மீன் குழம்போடு மூன்று பிளேட் சோறு சாப்பிட்டுவிட்டு எழும்ப மனமில்லாமல் இருந்தானாம். வலையிலிருந்து நேரே சட்டிக்குப் போகும் மீனைத் தின்று வளர்ந்தவன் கொழும்பு மீனுக்கு மூன்று பிளேட் சாப்பிடுவானா என்று நான் கேட்டேன்.

வான் நிறைய ஆட்களோடு போய்ப் பார்த்தேன். குழம்பு உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. நான் இரண்டு பிளேட் சாப்பிட்டேன். ஆனால் நான் கூட்டிப்போன பயணிகளில் ஒருவர்கூட இரண்டாம் தரம் சோறு கேட்கவில்லை. அதுதான் என்னை அரித்தது. ஒருவருக்கு விசா யோசனை, ஒருவருக்கு வான் தலைச்சுற்று என்று ஒவ்வொரு முறையும் எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நசீரிடம் சொன்னபோது அவன் தோல் எறிவதை நிறுத்தவேயில்லை.

"மச்சான், திங்கத் தெரியாத ஆக்கள நீ ஏத்திட்டுப் போனா கடைக்காரன் என்ன செய்ற?"

போனில் இருந்த கடை

ஒருமுறை கிண்ணியாவிலிருந்து ஒரு ஹாஜியாரும் மகனும் வந்தார்கள். மகன் கையில் போன். எந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று தம்புள்ளையிலிருந்தே வாசித்துக்கொண்டு வந்தார். கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடையைத் தேர்ந்தெடுத்தார். உள்ளே குளிர். கறுப்புக் கல்லில் ஒரு சிரட்டை அளவு சோறு, அதன் மேலே ஒரு இலை. ஹாஜியார் இலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மிச்சம் எப்போது வரும் என்று கேட்டார்.

பிறகு அவர்களைப் பச்சைக் கதவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஹாஜியார் ஒரு சொல்லும் பேசாமல் சாப்பிட்டார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். வானில் ஏறும்போது மகன் மறுபடியும் போனைத் தட்டி, இந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று தேடினார். இளவயதில் கடலுக்குப் போய்வந்த மனிசன் ஹாஜியார்.

"வை மகன் அத. நட்சத்திரத்தப் பாத்து நான் கடல்ல வழி கண்டிரிக்கன். சோறு கண்டதில்ல."

மூன்று அப்பளம்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. வான் நிறைய ஆட்களைக் கூட்டிவரும் சாரதிக்குக் கடைக்காரர் காசு வாங்காமல் சாப்பாடு போடுவார். முன்மேசையில் அல்ல, சமையல் நடக்கும் குசினியோடு ஒட்டிய பின்னறையில். அங்கே ஒரு மேசை, நாலு கதிரை, ஒரு காற்றாடி. சில கடைகளில் குளிக்கத் தண்ணீரும் உண்டு. இதில் எங்களுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, ஒளிப்பதற்கும் ஒன்றும் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

முருகன் கோயிலுக்குப் பேர்போன வெருகலிலிருந்து ஒரு அம்மா வந்தார். கனடாவில் இருக்கும் மகளைப் பார்க்க விசா எடுக்கவேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. மரக்கறிச் சாப்பாடுதான், அதுவும் குசினியைக் கண்ணால் பார்த்த பிறகுதான். வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடைக்குக் கூட்டிப்போனேன். சொன்னபடியே குசினியைப் பார்க்க எழும்பிப் போனவர், போகிற வழியில் பின்னறைத் திரையை நீக்கிவிட்டார். உள்ளே நான் இருந்தேன். என் இலையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தம்பி, எனக்கு ஒரு அப்பளம், உனக்கு மூண்டு அப்பளமும் ரெண்டு வடையும். உள்ளுக்கு முருகனோ பரிமாறுறார்?"

களைத்துப்போன மீன்

குச்சவெளியில் தோணி வைத்திருக்கும் ஒருவர் கடவுச்சீட்டு எடுக்கப் போனார். பச்சைக் கதவுக் கடையில் மீன் துண்டைப் பிட்டார், முகர்ந்தார், தட்டின் ஓரத்தில் வைத்தார். பருப்போடு சோற்றை முடித்துக்கொண்டார். கடற்கரை மனிசனின் பெருமை என்று நினைத்து நான் சிரித்தேன். இதே மீனைத்தானே பத்து நிமிடத்துக்கு முதல் நான் முள்ளைச் சூப்பிச் சாப்பிட்டேன்! பிடிக்கவில்லையா அண்ணை என்று கேட்டேன்.

"பிடிக்காமல் இல்லைத் தம்பி. இது எனக்கு நாலு நாளைக்கு முந்தியே ஊரிலயிருந்து வெளிக்கிட்டிருக்கு. களைச்சுப்போய்க் கிடக்கு, பாவம்."

மாஸ்டரின் சோதனை

எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள் சூசை மாஸ்டரும் அவர் மனைவி றோசலின் டீச்சரும். மாஸ்டர் கணக்குப் படிப்பித்தவர். என்னையும் படிப்பித்தார், அது என் கணக்கில் தெரியாது. அவருக்குத் தொண்டையில் வருத்தம் வந்து, கொழும்பில் கதிர்ச் சிகிச்சை நடந்தது. அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக். நான்தான் கூட்டிப்போவேன். நோய் அடங்கிவிட்டது, நாக்கின் ருசி மெல்ல மெல்லத் திரும்பும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் வீட்டில் டீச்சர் பயந்து பயந்து, உப்பும் உறைப்பும் இல்லாத கஞ்சியும் குழைசோறும்தான் கொடுத்தார்.

ருசி திரும்பிவிட்டதா என்று பார்க்க மாஸ்டர் ஒரு வழி வைத்திருந்தார். கிளினிக் முடிந்ததும் பச்சைக் கதவுக் கடையில் மீன் குழம்போடு சோறு. அவருடைய சொல்லில் அது 'மாதச் சோதனை'. டீச்சருக்கு வான் ஒத்துக்கொள்ளாது. பிளேன் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் மட்டும்தான். மாஸ்டர் நாலு கவளம் சாப்பிடுவார், கையைக் கழுவுவார். நாலு மாதம் அப்படியே போனது. ஆளின் கழுத்து சேட்டுக் கொலருக்குள் ஆடியது. ஐந்தாம் மாதம் போகும்போது, தம்பலகாமம் தாண்டுகையில், அவர் என் பெயரை இழுத்து டீச்சருக்குச் சொன்னது எனக்குக் கேட்டது.

"கொழும்பிலயே நல்ல சாப்பாடு அங்கதான் எண்டு யோகன் சொல்லுறான். அதுவே வாய்க்குள்ள மண் மாதிரி இருந்தால் பிழை கடையில இல்லை. இண்டைக்கும் பெயில் எண்டால் இனி நான் கிளினிக்குக்கு வரேல்லை, டீச்சர்."

பின்னறை பூட்டியிருந்த நாள்

அன்று பின்னறைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். முதலாளி என்னை முன்மேசையில் மாஸ்டருக்குப் பக்கத்தில் இருத்தினார். முதலில் மாஸ்டரின் பிளேட் வந்தது. பிறகு என்னுடையது. இருபது வருடமோ இருபத்தொரு வருடமோ, அந்த இரண்டு பிளேட்டும் ஒரே மேசையில் இருந்து நான் பார்த்ததில்லை. என் குழம்பு சிவந்து, தடித்து, ஆவி பறந்தது. மீன் துண்டு உடையாமல் வெட்டியபடியே இருந்தது. அவருடைய குழம்பு சோற்றைத் தாண்டித் தட்டின் கரைக்கு ஓடியது.

என் பிளேட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு அவருடையதை இழுத்துக்கொண்டேன். ஒரு வாய் வைத்தேன். ஐஸ் மணமும் தண்ணீரும். இதைத்தான் நாலு மாதமாக அவர் தன்னுடைய நாக்கு என்று நினைத்திருக்கிறார். மாஸ்டர் என் பிளேட்டில் ஒரு கவளம் எடுத்தார். மென்றார். நிறுத்தினார். இன்னொன்று எடுத்தார். டீச்சர் பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "புளி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் மாஸ்டர். டீச்சர் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. மாஸ்டர் பிளேட்டை வழித்து முடித்துவிட்டு, எனக்கு முன்னால் இருந்த பிளேட்டிலிருந்து ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் விடைத்தாளைத் திருப்பித் தரும்போது பார்ப்பாரே, அதே பார்வை.

"தம்பி யோகன், நான் பெயிலாகேல்லை. கேள்வித்தாள் பிழை."

சின்னச் சட்டி

அவர்களை வானில் ஏற்றிவிட்டு முதலாளியிடம் திரும்பிப் போனேன். அவர் ஒளிக்கவில்லை. குசினியில் கடை ஆட்களுக்கும் சாரதிமாருக்கும் காலையில் ஒரு சின்னச் சட்டியில் தனியாகச் சமைப்பார்களாம். முன்மேசைக்குப் பெரிய பானை. வான் வந்து நின்றதும் அதில் சுடுதண்ணீர் சேரும். நான் கோபப்பட்டபோது அவர் உண்மையாகவே திகைத்துப் போனார்.

"அண்ணே, நீங்க மாசா மாசம் வர்றவரு. அவங்க ஒரு தரம் வந்துட்டுப் போறவங்க. உங்களுக்குத்தானே நல்லா செய்யணும்?"

இப்போது நான் செய்வது

பின்னறைக்குப் போவதை விட்டுவிட்டேன். புதுக் கடை என்றால் வானின் கதவைத் திறக்க முதல் நான் மட்டும் இறங்கிப் போய், முன்மேசையில் இருந்து, காசு கொடுத்து ஒரு பிளேட் சாப்பிடுவேன். இப்படி இரண்டு கடை தேறியிருக்கின்றன. அவற்றை நான் தைரியமாகச் சொல்வேன், மாஸ்டரே பரீட்சித்துவிட்டார். அவர் கிளினிக்கைத் தவறவிடுவதில்லை. வீட்டில் இப்போது மீன் குழம்பு, சம்பல் எல்லாம் நடக்கிறது. டீச்சர் என்னைக் கோயில் வாசலில் கண்டால் மறிக்காமல் விடுவதில்லை.

"நல்ல வேலை செய்தீங்கள் தம்பி. விடிஞ்சால் உப்புக் கூட, பொழுதுபட்டால் உப்புக் குறைய. இந்த மனிசனோட இனி ஏலாது."

மரத்துக்குக் கீழே

ஆனால் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்தச் சின்னச் சட்டியை நான் அடுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன். அது யாருக்கு என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஹாஜியாரின் மௌனம், அம்மாவின் அப்பளம், குச்சவெளியாரின் மீன் எல்லாம் எனக்கு முன்னாலேயே நடந்தவை. தெரியாமல் இருந்தேனா, தெரிந்துகொள்ள விருப்பமில்லாமல் இருந்தேனா? என் வாய்க்கு ருசியாக இருந்தது. அதற்கு மேல் நான் போகவில்லை. ஒரு மனிசன் தன் நாக்குச் செத்துவிட்டதென்று நம்பி மருந்தையே விட இருந்தான்.

போன கிழமை நசீர், புதிதாக வான் வாங்கிய ஒருவருக்கு மரத்துக்குக் கீழே நின்று அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். மருதானை, ஒழுங்கை, பச்சைக் கதவு. கையில் வாழைப்பழத் தோல். மான் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. 'மூணு பிளேட்' என்ற இடம் வந்ததும் நான் குறுக்கே போனேன். ஒரு நகரத்துச் சாப்பாட்டை ஊருக்கே சிபாரிசு செய்து திரிந்தவன், அந்தச் சாப்பாட்டை உண்மையில் சாப்பிட்டது ஒரே ஒரு வாய்தான் என்பது என் இருபத்திரண்டு வருட அனுபவத்தின் சுருக்கம். அவனுடையது என்ன என்று தெரியவேண்டும்.

"மச்சான், அந்த மூண்டு பிளேட்டையும் நீ எந்தக் கதிரையில இருந்து சாப்பிட்டனீ, முன்னுக்கா பின்னுக்கா?"