வெளியே இழுத்த பைகள்

ஜூஜுவாடியில் எங்கள் வாடகை வீடு சிலிண்டர் கசிந்து தீப்பிடித்தது. தீயை அணைத்தபின் பார்த்தால் பீரோவில் என் தங்கச் செயின் இல்லை.

“இவங்கதான் உள்ள போனாங்க!” என்று தெருவே கேட்கக் கத்தினேன். தீயணைப்பு வீரர்களைச் சனம் சூழ்ந்துகொண்டது. அவர்களில் கை வெந்திருந்த ஒருவர் தன் பேண்ட் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார்.

மறுநாள் கம்பெனியில் என் லாக்கரைத் திறந்தேன். வேலை செய்யும் இடத்தில் நகை கூடாதென்று கழற்றிவைத்த செயின் அங்கேயே கிடந்தது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எடுக்க மறந்திருக்கிறேன்.

பத்து நாள் பயந்து கிடந்துவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்குப் போய் கை வெந்த அந்த வீரரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாரென்று நினைத்தேன்.

“எங்கிட்ட சொல்லிட்டீங்க. உங்க தெருவுல சொன்னீங்களாம்மா?” என்றார்.

இன்னும் சொல்லவில்லை. அந்தச் செயினைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கக்கூடப் பயமாக இருக்கிறது.