ஒரு மூக்குக்கு மட்டும் இடம்

ஒரகடத்துப் பக்கம் பழக்கூழ் தயாரிக்கும் கம்பெனியில் எனக்குச் சம்பளம் மூக்குக்குத்தான். மற்ற உறுப்புகள் அதோடு ஓசியில் வந்து போகின்றன.

மாங்கூழ் எவ்வளவு இனிப்பு என்பதைக் கருவி சொல்லிவிடும். புளிப்பு, எதிர் மேசையில் வேலை பார்க்கும் பெண்ணின் பொறுப்பு. கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலத்தை முறிக்கும் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கூழ்நீர் இளஞ்சிவப்பாக மாறும்போது நிறுத்திக் கணக்குப் போடுவார். மணம் என் பொறுப்பு. கூழிலிருந்து வரும் ஆவியை ஒரு கருவி பிரித்து, வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பும். ஒரு பாதி கணினிக்குப் போய்த் திரையில் கோடாக எழும்பும். மறு பாதி கண்ணாடிப் புனல் வழியாக என் மூக்குக்கு வரும். முதலில் வெட்டின புல், அப்புறம் மரப்பிசின், கடைசியில் தேங்காய். கடைசி வரை முகர்ந்தாலும் மாம்பழம் மட்டும் வராது. அதை உதிரி உதிரியாகத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வேலைக்கு வெங்காயம் கூடாது, பவுடர் கூடாது, வாசனை சோப்பு கூடாது, கருவி ஓடும்போது பேச்சும் கூடாது. அதனால் கேன்டீனில் சாம்பார் வாளி போகும் வரிசையை விட்டு, ஓரத்து மேசையில் தயிர்சோற்றோடு உட்காருவேன். ஸ்ரீபெரும்புதூரில் என் அறைக்குத் திரும்பினால் அங்கேயும் நான்தான் இருப்பேன். வேறு ஆள் இருந்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ஒருமுறை வந்த கூழில், பிசினுக்கும் தேங்காய்க்கும் நடுவே ஒரு நாற்றம் அடித்தது. திரையைப் பார்த்தேன். கோடு நிமிராமல் படுத்துக் கிடந்தது. மறுபடி ஓட்டினேன். அதே இடம், அதே நாற்றம், அதே படுத்த கோடு. கூழே இல்லாமல் வெறுமனே ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆக, கூழில்தான் ஏதோ இருக்கிறது. அப்படியும் மனசு கேட்காமல் என் சட்டை, நாற்காலி, செருப்பு எல்லாவற்றையும் முகர்ந்தேன். போலீஸ் நாய்கூட இவ்வளவு சிரத்தையாகப் பார்க்காது.

மேனேஜர் நம்பவில்லை. எனக்கு அப்போதுதான் சளி விட்டிருந்தது. கிராஃபில் இல்லாதது மூளையில்தான் இருக்கும் என்றார். இன்னொருவர் முகர்ந்து சொல்லட்டும், இல்லையென்றால் குடோனில் லேபிள் ஒட்டப் போ என்றார். எனக்குப் பயம்தான். ஒருத்தன் மட்டும் முகர்கிற நாற்றத்தோடு ஊரில் எப்படி வாழ்வது? ஆனால் உள்ளுக்குள் ஒரு அல்ப சந்தோஷமும் இருந்தது. என் மூக்கின் மேல் சந்தேகம் வந்துவிட்டதால், இனிமேல் தினமும் சரிபார்க்க ஒரு ஆள் பக்கத்தில் வருமே.

எதிர் மேசைப் பெண்ணைக் கேட்டேன். பென்னலூர்க்காரர்.

“இன்னாண்ணா, உங்க மூக்குக்கு நான் சாட்சியா? பஸ் போயிடும்” என்றார். ஆனாலும் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு இருந்தார்.

என்ன நாற்றம், எப்போது வரும் என்று நான் சொல்லக் கூடாது. புனலில் ஒரு மூக்குக்குத்தான் இடம். அவரை உட்கார வைத்துவிட்டு நான் எழுந்து கடிகாரத்துப் பக்கம் போனேன். ஆக, அவருக்கு வந்தால் எனக்கு வராது. இரண்டு பேரும் சேர்ந்து முகர வழியே இல்லை.

புல் போயிற்று. பிசின் போயிற்று. சரியாக அந்த இடத்தில் அவர் முகம் சுளித்துக் கையைத் தூக்கினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டம் முடியும் வரை நின்றேன்.

“இன்னா வாடைம்மா?” என்று அவர் பாஷையிலேயே கேட்டேன்.

“மழையில நனைஞ்ச கோணிண்ணா. எங்க வூட்ல அரிசி மூட்டை வெக்கிற மூலையில இப்டித்தான் அடிக்கும்.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இத்த வெச்சிகினு தனியா குந்திகினு இருந்தீங்களா? பாவம்ண்ணா.”

நான் குறித்து வைத்திருந்ததும் ஈரக் கோணிதான். நான் மட்டுமே போய்வந்துகொண்டிருந்த ஒரு இடத்துக்கு இன்னொரு ஆளும் போய்விட்டு வந்திருக்கிறார். நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். சளி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தக் கூழ் முழுவதையும் ஒதுக்கி வைத்தார்கள். மறுநாள் மேனேஜர் எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினார்.

“உன் மூக்கு கரெக்டாத்தான்பா கீது. இனிமே செக் பண்ண ஆளே வேணாம். நீ ஒருத்தன் போதும்.”

எதிர் மேசையில் அந்தப் பெண் ஏற்கெனவே காரத்தைச் சொட்ட விட ஆரம்பித்திருந்தார். மூக்கு கொஞ்சம் சந்தேகம்தான் சார் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். லேபிள் ஞாபகம் வந்தது.

“தேங்க்ஸ் சார்” என்றேன்.