என் கிடங்கில் அபாயம் எதுவும் இல்லை

அந்தக் காலத்தில் என் கையெழுத்து நன்றாக இருக்கும். நான் பட்ட அவமானத்துக்கெல்லாம் அதுதான் ஆரம்பம்.

மீனாட்சிபுரத்துக்கு இந்தப் பக்கம், எல்லைச் சாலையை ஒட்டி எங்கள் கடைவீதி. இருபத்தைந்து கடைகள் இருக்கும். நாலைந்தைத் தவிர மற்றதெல்லாம் ஓலைக் கூரை. மாநிலம் பிரித்து நாங்கள் கேரளத்துக்காரர்கள் ஆகி ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் பாலக்காட்டிலிருந்து தீயணைப்பு ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்தார். மலையாளி. எங்களுக்காகத் தமிழைக் கட்டியிழுத்துப் பேசினார். செக்போஸ்ட்டிலிருந்து டெலிபோன் செய்து வண்டி கிளம்பினாலும் வந்துசேர ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை ஊர்தான் ஊரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, யார் மணியடிப்பது, எந்தக் கடையில் ஆபத்தான சரக்கு இருக்கிறது, தீப்பிடித்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் உட்காரவைப்பது, இதையெல்லாம் ஒரு திட்டமாக எழுதித் தரச் சொன்னார். அதற்கு ஒரு கமிட்டி, கமிட்டிக்கு ஒரு செக்ரட்டரி.

"நம்ம ராவுத்தர் எழுதுவாருங்க. எழுத்து முத்து முத்தா இருக்குமுங்க" என்றார் பெரிய தோட்டத்துக் கவுண்டர்.

மரியாதைக்கு ஒருமுறை மறுத்தேன். இரண்டாம் முறை கேட்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் உடனே ஒப்புக்கொண்டேன்.

அடுத்த பத்து நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. பொள்ளாச்சிக்குப் போய் ஒரு விசில் வாங்கி, கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அட்டை போட்ட நோட்டுடன் கடை கடையாக ஏறினேன். மண்ணெண்ணெய்க் கடைக்காரரிடம் டின்களைக் கூரைக்குக் கீழே வைக்காதே, வெளியே அடுக்கு என்றேன். பஞ்சு வாங்கி விற்பவரை அரை மணி நேரம் நிற்கவைத்துப் பேசினேன். டீக்கடைக்காரரிடம் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே அதிகாரம் செய்தேன். அவர் அடுப்பு தெருவைப் பார்த்து இருந்தது. போகிறவர் வருகிறவர் மேல் பொறி பறக்கிறது, கடைக்குப் பின்னால் மாற்று என்று உத்தரவு போட்டேன். அவர் கடைக்குப் பின்பக்கம் கிழக்கு. மார்கழியிலிருந்து மாசி வரை எங்கள் ஊரில் கிழக்கே இருந்து காற்று எப்படி அடிக்கும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். செக்ரட்டரிக்குத்தான் தெரியவில்லை.

கடைசியாக என் கடைக்கு வந்தேன். முன்னால் மளிகை. பின்னால் என் அத்தா கட்டிய கிடங்கு. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை. உள்ளே உப்பு மூட்டை, கடப்பாரை, மண்வெட்டி, கயிற்றுச் சுருள்கள். கயிற்றுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. அதில் வெடிமருந்தும் திரியும்.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டினால் முப்பதடியில் பாறை முட்டும். வெடி வைக்காமல் தண்ணீர் கிடைக்காது. முறையாக லைசென்ஸ் வைத்து விற்பவர் தூரத்தில் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன், லைசென்ஸ் இல்லாமல். வேண்டியவர்கள் ஜாடையாகச் சொல்வார்கள். நானே தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். எங்கே வைத்திருக்கிறேன் என்று என் மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊரில் யார் வீட்டு விறகுக் குவியலையும் விடாமல் எழுதியவன் நான். பிறகு என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: "உப்பு, கயிறு, இரும்புச் சாமான். அபாயம் எதுவும் இல்லை."

ஆபீசர் மறுபடி வந்தார். பட்டியலைப் படித்துவிட்டு என் கிடங்கைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் பெட்டியைத் தேடவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார், ஓட்டை அண்ணாந்து பார்த்தார், சந்தோஷப்பட்டார்.

"நல்ல கெட்டிடம். அபாயம் ஒண்ணும் இல்லா. தீ வந்நால் பிள்ளேரை இவிடெ இருத்தாம்" என்றார்.

பிள்ளைகளை இங்கே உட்காரவைக்க வேண்டாம், பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டுமே என்றேன். அது ஓலைக் கூரை என்றார். பள்ளிவாசல் முற்றம் என்றேன். தூரம் என்றார். என் அடக்கத்தைப் பார்த்துத் தோளில் தட்டிக்கொடுத்தார். கமிட்டி கைதட்டியது. நானும் தட்டினேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "ஏங்க, பிள்ளைங்களக் கொண்டாந்து உக்கார வெக்கிற எடத்துலயா அது இருக்கோணும்? மொதல்ல எடுத்துப் போடுங்க."

"நாளைக்கு" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். தை அறுப்பு முடிந்தால் கிணற்று வேலை தொடங்கும், தானாகத் தீர்ந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எடுப்பதற்குப் பெட்டி பெரிய கனம் இல்லை. தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் செக்ரட்டரியின் மானம் போகும், அதுதான் கனம்.

மாசி மாதம் ஒரு முற்பகலில் டீக்கடை தீப்பிடித்தது. பின்பக்கம் மாற்றிய அடுப்பில் கிழக்குக் காற்று நேராக நுழைந்து பொறியை ஓலையில் ஏற்றிவிட்டது. பலகாரம் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் தலைத்துண்டோடு வெளியே பாய்ந்தார்.

மணியாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை அடித்தார்கள். செக்போஸ்ட்டுக்கு ஆள் ஓடியது. கிணற்றிலிருந்து குடமும் தவலையும் கைமாறிக் கைமாறி வந்தன. யார் எங்கே நிற்க வேண்டும் என்று நான் எழுதியிருந்தேனோ அங்கேயே நின்றார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு மனிதனின் கடை கண்முன்னால் எரிகிறது, எனக்குப் பெருமையாக இருந்தது. முச்சந்தியில் நின்று விசிலை ஊது ஊதென்று ஊதினேன்.

அப்போது பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். முப்பது பிள்ளைகள் இருக்கும். பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்திருந்தார்கள். என் மகளும் இருந்தாள், எட்டு வயது. தன் அத்தாவின் கிடங்குக்குத்தான் எல்லோரும் போகிறார்கள் என்ற பெருமை அவள் நடையிலேயே தெரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். வரிசை என் கிடங்குக்குள் போனது.

இதுவரை சொன்னது சிரிக்க உதவும். இனிச் சொல்வதற்கு எனக்கே சிரிப்பு வரவில்லை. நான் ஓடவில்லை. எரியும் கூரைக்கும் என் கிடங்குக்கும் நடுவே எத்தனை கடை என்று எண்ணினேன். ஐந்து. ஐந்து கடை தாண்டி வருவதற்குள் அணைத்துவிடலாம் என்று நினைத்தேன். "தண்ணி, தண்ணி" என்று கத்தினேன். ஒரு கடை போனது. காற்று திரும்பினாலும் திரும்பும் என்று நினைத்தேன். இன்னொன்று போனது. பெற்ற மகள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறாள், நான் வாய் திறக்காமல் கடைகளை எண்ணிக்கொண்டு நிற்கிறேன். மூன்று கடை மிச்சம் இருந்தபோதுதான் என் கால் கிளம்பியது.

வாத்தியார் கிடங்கு வாசலில் காவல் நின்றார். கையில் திட்டத்தின் நகல்.

"வாத்தியாரே, பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க!"

"ஏனுங்க ராவுத்தரே, நீங்க விசில் ஊதற வரைக்கும் யாரையும் வெளிய உடக்கூடாதுன்னு எழுதியிருக்குதுங்களே. மூணு நீட்டு ஊதோணும்."

எனக்கு உயிர் வந்தது. உண்மையைச் சொல்லாமலே தப்பித்துக்கொள்ள இதோ ஒரு வழி. மூன்று முறை நீட்டி ஊதினேன். வாத்தியார் என் தலைக்கு மேலே புகையைப் பார்த்தார்.

"இன்னும் எரியுதுங்களே. இந்தப் பொகையில சின்னஞ்சிறுசுகளக் கூட்டிட்டு எங்கீங்க போறது? இதைக் காட்டியும் பத்திரமான எடம் ஊர்ல ஏதுங்க? அபாயம் எதுவும் இல்லைன்னு நீங்கதானுங்களே எழுதியிருக்கறீங்க?"

"உள்ளே வெடிமருந்து இருக்குது" என்றேன்.

"எங்கீங்க?"

"கயித்துக்கு அடியில."

பிள்ளைகள் கயிற்றுச் சுருள்களின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் என்னைத் திட்டவில்லை. காகிதத்தைக் கீழே போட்டார். உள்ளே போய் இரண்டு சின்னப் பிள்ளைகளை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு, "எல்லாரும் எம் பின்னாலயே வாங்க, ஓடாதீங்க" என்று சாதாரணக் குரலில் சொன்னார். பின்வாசல் வழியாகக் களத்துமேட்டுக்குக் கூட்டிப்போனார். அந்தக் குரலை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

நான் கயிறுகளை இழுத்துப் போட்டுப் பெட்டியை நகர்த்தினேன். பெரிய தோட்டத்துக் கவுண்டர் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். என்னிடம் மருந்து வாங்கியவர்தான். "இங்கீங்களா வெச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு மறுமுனையைப் பிடித்தார். ஈரச் சாக்கைப் போர்த்தித் தூக்கிப்போய், எருமைகள் கிடக்கும் குட்டைச் சேற்றில் அமுக்கினோம்.

நெருப்பு என் கிடங்குக்கு வரவில்லை. ஆட்கள் அடுத்திருந்த கடையின் ஓலையைப் பிடுங்கி எறிந்து வழியை அறுத்துவிட்டார்கள். யாருக்கும் காயம் இல்லை. வண்டி வந்தபோது மிச்சம் புகைதான். ஆபீசர் என் பட்டியலை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு போலீஸ், கோர்ட்டு, மாஜிஸ்திரேட் என்று எல்லாம் முறைப்படி நடந்தது. கமிட்டி கூடி என்னைச் செக்ரட்டரி வேலையிலிருந்து நீக்கியது. அந்தத் தீர்மானத்தை எழுத வேறு நல்ல கையெழுத்து இல்லாததால் என்னையே எழுதச் சொன்னார்கள். பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

ஆனால் ஆபீசர் நியாயமானவர். கிடங்கை மூலைமுடுக்கெல்லாம் சோதித்துவிட்டு, கட்டிடம் ஒரு குற்றமும் செய்யவில்லை, பிள்ளைகளுக்கு ஊரிலேயே இதுதான் நல்ல இடம், திட்டம் மாறாது என்று சொல்லிவிட்டார். நான் சரக்கையெல்லாம் வெளியேற்றி, சுண்ணாம்பு அடித்து, பாய் விரித்து, மண்பானையில் தண்ணீர் வைத்தேன். இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

ஒத்திகை நாள் வந்தது. மணி அடித்தது. நான் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், முன்னால் வாத்தியார். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார், நிற்காமல் களத்துமேட்டை நோக்கி நடந்தார். பிள்ளைகள் அவர் பின்னாலேயே போனார்கள். என் மகள் ஒரு சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசலுக்கு நேரே வந்ததும் நடை தளர்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உள்ளே வா கண்ணு, ஒண்ணுமில்ல" என்றேன்.

அவள் அந்தப் பிள்ளையை என் பக்கத்திலிருந்து தன் மறுபக்கத்துக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு, வாத்தியாருக்குப் பின்னால் வெயிலில் நடந்து போனாள்.