சினா தமிழில் கத்தினாள்

1997 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். ஒக்லாந்து நகரத்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் மழை. பள்ளிக்கூட உள்ளரங்கு ஒன்றில், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த கூடைப்பந்துப் பயிற்சியாளர் என் தங்கை தாரிணியைப் பார்த்து, "ஸ்கோர் எழுத வந்தீர்களா, மிஸ்?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

தாரிணி விளையாட்டுச் சட்டை அணிந்திருந்தாள். முதுகில் எண்ணும் இருந்தது.

அவர் கெட்டவர் அல்லர். தவறு தெரிந்ததும் காது சிவக்க மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் நான் அந்தக் கேள்வியை மனதில் குறித்துக்கொண்டேன். இலக்கியம் படிக்கிறவளுக்கு வேறு என்ன வேலை? யார் யாரைப் பார்த்து எந்தச் சொல்லை எடுக்கிறார்கள் என்று கவனிப்பதுதானே!

இந்தப் பக்கத்தை வாரந்தோறும் வாசிப்பவர்களுக்குத் தெரியும் – நான் விளையாட்டைப் பற்றி எழுதுகிறவள் அல்ல. உள்ளரங்கில் என் இடம் பார்வையாளர் பலகை. அப்பாவின் வீடியோ கமெராவைத் தோளில் வைத்துக்கொண்டு, தங்கையின் அணி ஆடுவதைப் படம் பிடிப்பேன். வாய் திறக்கமாட்டேன். அது எனக்கு வசதியான வேலை.

ஒரு விளக்கம். ஒக்லாந்தில் 'காலேஜ்' என்றால் உயர்நிலைப் பள்ளி. அமெரிக்கருக்கு அது பல்கலைக்கழகம். வந்தவர் அங்கே ஒரு சிறிய காலேஜில் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர். முழு உதவித்தொகையோடு ஓர் இடம் அவரிடம் இருந்தது – ஒரே ஓர் இடம். அதற்காக நகரத்தின் பல பள்ளிகளிலிருந்து கடைசி வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்க வந்திருந்தார். தாரிணி கடைசிக்கு முந்திய வகுப்பு. ஆள் குறைந்ததால் ஆடப் போனாள். அந்த இடத்துக்காகக் காத்திருந்தவள் அவளுடைய சிநேகிதி, சமோவாப் பெண் சினா. அவளுக்கு இது கடைசி ஆண்டு. இன்னொரு பயிற்சியாளர் இவ்வளவு தூரம் வருவார் என்று யாரும் நம்பவில்லை.

சினாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அகன்ற தோள், நடுத்தர உயரம். அவள் அணியில் 'பாயின்ட் கார்ட்' – அதாவது, பந்தை முன்னே கொண்டுவந்து, யார் எங்கே ஓடவேண்டும் என்று தீர்மானிக்கிறவள். அவளுக்குப் பெரிய பாய்ச்சல் ஒன்றும் கிடையாது. பாய்கிறவள் என் தங்கை. வளையத்தில் மோதித் திரும்பும் பந்தை எட்டுப் பேருக்கு மேலாக எழும்பிப் பறிப்பாள். பந்தைத் தட்டிக்கொண்டு நான்கு அடி ஓடச் சொன்னால் மட்டும் அது அவளை விட்டுப் போய்விடும்.

ஞாயிறு பிற்பகல்களில் சினா எங்கள் வீட்டுக்கு வருவாள். அம்மாவின் பற்றிஸ் பலகாரம் ஒரு தட்டு. நான் எடுத்த வீடியோ ஒரு கட்டு. நிறுத்துவாள், பின்னே ஓட்டுவாள், மறுபடி பார்ப்பாள். எங்கள் வீசீஆரில் முதலில் தேய்ந்துபோனது நிறுத்தும் பொத்தான்தான்.

அப்படித்தான் அணியின் ஆட்டத் திட்டங்களுக்குத் தமிழ் எண்களும் வந்தன. திட்டங்களை ஆங்கிலத்தில் கூவினால் எதிரணிக்கு விளங்கும். சமோவா மொழியில் கூவினால் எதிரணியில் பாதிப் பேருக்கு விளங்கும். மாவோரி எண்கள் எல்லோருக்கும் பள்ளியிலேயே தெரியும். "உங்கட வீட்டு நம்பர்களைத் தாங்கோ" என்று சினா கேட்டாள். (அவள் பேசுவது ஒக்லாந்து ஆங்கிலம், என் தமிழில் தருகிறேன். சுவை குறைந்தால் குற்றம் என்னுடையது.) தாரிணி கொடுத்தாள். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு. ஏழு சினாவின் நாக்கில் வரவேயில்லை. ஆகவே அந்த அணியிடம் ஏழாவது திட்டம் கிடையாது.

சனிக்கிழமைக்கு வருகிறேன். அணியைப் பார்த்துக்கொள்ளும் பள்ளி ஆசிரியைக்கு அன்று நெட்போல் போட்டி. இந்த நாட்டில் பெண்களுக்கு நெட்போல்தான் முதல் பிள்ளை. கூடைப்பந்து இரண்டாந்தாரத்துப் பிள்ளை. ஆசிரியை உள்ளரங்கின் கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டார். யார் எந்த இடத்தில் ஆடுகிறவர் என்று சொல்ல ஆளில்லை. பயிற்சியாளர் தாமாகவே பிள்ளைகளை இடம் பிரித்து நிறுத்தினார் – கண்ணால் பார்த்து. சினாவை வளையத்துக்கு அடியில். தாரிணியைப் பாயின்ட் கார்டாக.

சினா கை உயர்த்தி ஏதோ சொல்ல முயன்றாள். விசில் ஊதிவிட்டது.

நல்ல கூத்து. தாரிணி பந்தைத் தட்டினாள். பந்து தன் வழியே போனது. மறுபடி தட்டினாள்; மறுபடி போனது. அந்தப் பக்கம், தன்னைவிட ஒரு தலை உயர்ந்த பெண்களுக்கிடையே சினா நசுங்கிக்கொண்டிருந்தாள். பிறகு, நசுங்கியபடியே அங்கிருந்து கத்தத் தொடங்கினாள்.

"ரெண்டு! ரெண்டு! தாரிணி, மூண்டு!"

அவ்வளவுதான். தாரிணி பந்தை உடனே கைமாற்றிவிட்டு ஓடினாள். மற்றவர்கள் அவளைப் பார்த்து ஓடினார்கள். தொடர்ந்து புள்ளிகள் விழுந்தன.

பயிற்சியாளர் என் பக்கம் திரும்பினார். "நெருப்பு மாதிரிப் பெண்! அது என்ன, தீவுகளின் போர் முழக்கமா?"

"இல்லை, சேர். அது எண்" என்றேன்.

அவர் புன்னகைத்தார். என் பதில் அவர் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

எங்களைக் காரில் கொண்டுவந்த பீற்றர் அங்கிள் அருகில் இருந்தார். மன்னார்க்காரர், அப்பாவின் சிநேகிதர், ஹென்டர்சனில் ஒரு தொழிற்சாலையில் வேலை. "பாத்தியே பிள்ளை, என்ன பலம்! உவையளுக்கு அது பிறவியிலேயே இருக்கு. எங்கட பிள்ளையளுக்கு மூளை" என்றார், பெருமையோடு.

ஆட்டம் முடிந்தது. பயிற்சியாளர் தாரிணியிடம், "சத்தமே போடாமல் அணியை ஒழுங்குபடுத்தினாய். நல்ல தலை. அடுத்த ஆண்டு உன்னை நினைவில் வைத்திருப்பேன்" என்றார். சினாவிடம், "அருமையான உடல்வாகு. இயற்கையான பலம். ஆனால் வளையத்தடியில் ஆட இரண்டு அங்குலம் குறைகிறது. வந்ததற்கு நன்றி" என்றார்.

இரண்டுமே பாராட்டுத்தான். கவனித்தீர்களா? ஒருத்திக்குத் தலை, ஒருத்திக்கு உடம்பு. இருவரும் அறைக்குள் நுழையுமுன்பே பங்கு பிரித்தாயிற்று. வசைச் சொல்லாக இருந்தால் எதிர்த்துப் பேசலாம். பாராட்டை எப்படி எதிர்ப்பது? 'இயற்கை' என்ற ஒரு சொல்லால், எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளின் உழைப்பைக் கழித்துவிடலாம்!

சினா பலகையில் அமர்ந்து விரல்களில் சுற்றியிருந்த பிளாஸ்டரை உரித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "அவர் என்ர தோளைப் பாத்தவர். நான் எங்க பாக்கிறன் எண்டு பாக்கேல்லை" என்றாள்.

நான் எழுந்தேன். சொல்லவேண்டிய வாக்கியத்தை மனதில் அமைத்து, திருத்தி, மறுபடி அமைத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"சேர், இன்று அணியை நடத்தியது என் தங்கை அல்ல. சினா. தமிழில். இந்தப் பருவத்து ஆட்டங்கள் எல்லாம் என்னிடம் வீடியோவில் இருக்கின்றன."

அவர் பையை மூடியபடி, "தபாலில் அனுப்புங்கள், நிச்சயம் பார்க்கிறேன்" என்றார்.

இங்கேதான் எங்கள் குடும்ப அனுபவம் ஒன்று கைகொடுத்தது. என் அண்ணன் கலியாண வீடியோவைப் பெருமையோடு ரொறன்ரோ அத்தைக்கு அனுப்பினோம். அங்கே போட்டால் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை – சாய்ந்து ஓடும் கோடுகள் மட்டும்! இந்த நாட்டு வீடியோ வடக்கு அமெரிக்கப் பெட்டிகளில் ஓடாது. அத்தை இன்றுவரை நாங்கள் வேண்டுமென்றே செய்ததாக நம்புகிறார்.

"உங்கள் நாட்டில் அது ஓடாது, சேர். இங்கேதான் பார்க்கவேண்டும்."

"நாளை நண்பகல் எனக்கு விமானம்."

"அப்படியானால் காலை எட்டு மணி."

இதைச் சொன்னது நான்தானா? எனக்கே ஐயமாக இருந்தது. அவரும் சற்று வியந்து என்னைப் பார்த்தார். விமான நிலையத்துக்குப் பக்கத்து மோட்டலின் பெயரைச் சொன்னார். "பத்து நிமிடம்" என்றார்.

திரும்பும் வழியில் பீற்றர் அங்கிள் தம் வழக்கமான கவலையைத் தொடங்கினார். வரும்போது பாதியில் விட்டது. "என்ர சுப்பர்வைசர் என்ன சொல்லுறான் தெரியுமோ? 'உங்கட ஆக்கள் நல்ல கவனம், நல்ல பொறுமை' எண்டு. சொல்லிச் சொல்லியே செக் பண்ணுற மேசையில இருத்தி வைச்சிருக்கிறான். ஆக்களை நடத்த நான் சரிவரமாட்டனாம்! நடத்திப் பாத்தவனோ?"

"அங்கிள், நீங்கள் சினாவைப் பற்றிச் சொன்னதும் அதுதானே?" என்று கேட்டேன்.

துடைப்பான் கண்ணாடியில் இரண்டு மூன்று தடவை போய்வந்தது. சான்ட்ரிங்ஹாம் கடைகளருகே அவர் காரின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "காலமை எத்தினை மணிக்குக் கார் வேணும்?" என்றார்.

வீட்டில் அம்மா வேறு கணக்கில் இருந்தார். "அந்தாள் எங்கட பிள்ளையைக் கெட்டிக்காரி எண்டு சொல்லிப்போட்டார். நீ போய்க் கிளறாத. வாற வருசம் இவளுக்குக் கிடைச்சாலும் கிடைக்கும். அதோட நாளைக்குக் கோயில்ல வேதம் வாசிக்கிறது உன்ர முறை."

வாதம் நியாயமானது. தாரிணி சோற்றுக் கோப்பையிலிருந்து தலை நிமிர்ந்தாள். அவள் வழக்கமாக ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அன்று தமிழை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, நான் எத்தினை தரம் பந்தை விட்டனான் தெரியுமா? அதையே அவர் பாக்கேல்லை. ஐ டோன்ற் வோன்ற் இட் லைக் தற், அப்பிடிக் கிடைக்கிறது எனக்கு வேண்டாம். அக்கா போகட்டும். வேதம் நான் வாசிக்கிறன்."

எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் வாசிப்பது தமிழ் பைபிள்; தாரிணிக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. அன்று மாலை முழுவதும் நான் வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல, அவள் ஆங்கில எழுத்தில் எழுதி உருப்போட்டாள். தங்கை எனக்காக ஒரு சபைக்கு முன் தடுமாறத் தயாராகிவிட்டாள். இனி நான் எப்படிப் பின்வாங்குவது?

மறுநாள் காலை பீற்றர் அங்கிளின் கார் நேரத்துக்கு முன்பே வந்து நின்றது. வீசீஆரைப் பெரிய குளியல் துவாய் ஒன்றில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன் – மோட்டலில் இருக்குமோ, யார் கண்டது? சினாவை அவள் வீட்டு வாசலில் ஏற்றினோம். அவர்களுக்கும் ஞாயிறு ஆராதனை உண்டு. வெள்ளை நீள உடை, வெள்ளைத் தொப்பி. "பத்து மணிக்குள்ள திரும்பாட்டி அம்மா என்னைக் கொல்லுவா" என்றாள்.

பயிற்சியாளர் கோப்பியோடு கதவைத் திறந்தார். உடையைப் பார்த்து ஒரு கணம் ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தார். நான் கம்பிகளைப் பொருத்தினேன். படம் ஓடியது. அவர் பார்த்தார். பார்த்தது எதை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது – மறுபடியும் தோள்.

"என்ன வலிமை!" என்றார்.

நான் வீசீஆரைச் சுற்றிவந்த துவாயை எடுத்தேன். தொலைக்காட்சியின் மேல் போட்டேன். திரை மறைந்தது.

"சேர், இனிக் கேளுங்கள்."

துவாய்க்குப் பின்னாலிருந்து சினாவின் குரல் மட்டும் வந்தது: "மூண்டு!" நான் நிறுத்தினேன். அறையில் இருந்த சினா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இப்ப எல்லாரும் வலப்பக்கத்தை விட்டு விலகுவினம். தாரிணி பின்னால வருவாள். அவள் வர முதலே பந்து அங்க நிக்கும்." துவாயைத் தூக்கி ஓட்டினேன். விலகினார்கள். பந்து போனது. என் தங்கை எங்கிருந்தோ எழும்பி அதைப் பிடித்தாள்.

"அது… ஸ்கோர் எழுத வந்த பெண்ணா?"

"ஆம், சேர். தலை நல்ல பெண்."

மறுபடி துவாய். "ரெண்டு!" சினா சொன்னாள், அப்படியே நடந்தது. வேறோர் ஆட்டம், வேறோர் எதிரணி. "மூண்டு!" இம்முறை சினா வாய் திறக்குமுன் பயிற்சியாளரே சொன்னார் – வலப்பக்கம், பின்னால், பந்து முதலில். துவாயைத் தூக்கினேன். சரி. அவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் இறங்கி உட்கார்ந்தார். பத்து நிமிடம் எப்போதோ கடந்துவிட்டது. வெளியே பீற்றர் அங்கிள் ஒருமுறை ஹோர்ன் அடித்து, பிறகு தாமாகவே அடங்கினார்.

"அஞ்சு!" என்றது துவாய்.

"இது இடப்பக்கம். நிச்சயம் இடப்பக்கம்" என்றார் பயிற்சியாளர்.

தூக்கினேன். எதிரணி முழுவதும் இடப்பக்கம் பாய்ந்தது. சினாவின் அணியில் ஒருவரும் அசையவில்லை. சினா பந்தோடு நேராக நடந்துபோய் வளையத்தில் போட்டாள்.

"அப்படியானால் அஞ்சு என்றால் என்ன?"

"ஒண்டுமில்லை, கோச். எங்களை விளங்கிப்போட்டுது எண்டு நினைக்கிறவைக்குத்தான் அஞ்சு."

அவர் உரக்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், முதல் தடவையாக அவள் கண்ணை நேரே பார்த்துக் கேட்டார்: "எங்கள் அணியில் நீ எந்த மொழியில் கத்தப் போகிறாய்?"

நான் துவாயை மடித்தேன்.