மீனை எடை போட்ட நைனார்

செய்தியை எனக்குச் சொன்னது கல்லூரி அல்ல, அஞ்சலை. மரக்காணம் பக்கத்துக் கழிமுகத்தில் இறால் பிடித்து விற்பவர். விழுப்புரத்தில் என் வீட்டு வாசலில் கூடை இல்லாமல் வந்து நின்றார். இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தது விற்பதற்கு இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. "நைனார் சாரு பூட்டாரு சார். ஒலக்கூர்ல அக்கா வூட்டுக்குப் போன எடத்துல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாராம். அவ்ளோதான்," என்றார்.

மறுநாள் திண்டிவனத்தில், எங்கள் கல்லூரியில் இரங்கல் கூட்டம். பொருளியல் விரிவுரையாளர் தரணேந்திர நைனார் அமைதியானவர், யார் மனமும் நோகாமல் நடந்துகொண்டவர் என்று மேடையில் சொன்னார்கள். அவரோடு அதே துறையில் பாடம் எடுத்தவன் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மெதுவாகப் பேசுவார், அது உண்மைதான். ஆனால் பலர் மனத்தை நோகடித்தார், வேண்டுமென்றே நோகடித்தார். அவரை அறிந்த நீங்கள் அதை மறக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன், எண்பதுகளின் தொடக்கம். கழிமுகத்தின் மேற்குப் பக்க அலையாத்திக் காட்டை வெட்டி ஒருவர் உப்பளம் போட்டிருந்தார். கிழக்குப் பக்கத்தையும் குத்தகைக்குக் கேட்டு வருவாய்த்துறை அலுவலகத்தில் மனு கொடுத்தார். தரிசு நிலம், ஒன்றுக்கும் உதவாத புதர் என்று மனுவில் எழுதியிருந்தது. அந்த வார்த்தைதான் நைனாரைக் கிளப்பிவிட்டது. "ஒதவலைன்னு எப்படி சார் தெரியும்? யாராவது போய்ப் பார்த்தாங்களா?" என்று என்னிடம் கேட்டார். அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்.

அவர் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். முட்டையைக் கூடத் தொடாதவர். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். திரும்பும் பஸ் தாமதமானால் அன்று ராத்திரி பட்டினிதான். அப்படிப்பட்டவர் பாலத்தடியில் மீன் விற்கும் பெண்களுக்கு நேரே, காற்றடிக்கும் பக்கமாகப் பத்தடி தள்ளி நின்று, நோட்டில் எழுதுவார். அங்கே இறாலும் நண்டும் தராசில் போகாது. சாக்கு விரித்துக் கூறு கூறாக வைப்பார்கள். இத்தனை கூறு வைத்தார்கள், ஒரு கூறு இன்ன விலை என்று சனிக்கிழமை தவறாமல் குறித்தார். நான் டீக்கடையில் உட்கார்ந்து அவரைக் கேலி பண்ணுவேன். பெண்கள் அவரை 'தூர நிக்கிற சாரு' என்றார்கள்.

மேற்குக் காடு போவதற்கு முன் எத்தனை கூறு விற்றது என்று அந்தப் பெண்களிடமே கேட்டுக் குறித்திருந்தார். ஒரு வருஷம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் கூறுகளின் எண்ணிக்கை குறையவே இல்லை. விலையும் அதேதான். நைனார் நேர்மையானவர். கிடைத்ததை அப்படியே எழுதி அதே அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். உப்பளக்காரருக்குக் கொண்டாட்டம். "வாத்தியார் காகிதமே சொல்லுது, காடு வெட்டினதால யாருக்கும் நஷ்டம் இல்லைன்னு," என்று திண்டிவனம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அஞ்சலை ஒரு சனிக்கிழமை கேட்டார். நைனார் படித்துக் காட்டினார். அஞ்சலைக்கு வந்த கோபத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

"கூறை எண்ணினியே சாரு, கூறுக்குள்ள இன்னா இருக்குன்னு குனிஞ்சி பாத்தியா? முன்ன ஒருதபா எறங்கினா கூடை ரொம்பும். இப்ப ரெண்டுதபா எறங்கறோம், மார் மட்டும் தண்ணில நின்னுக்கினு கெடக்கறோம். அப்பவும் அரைக்கூடை. வர்ற ஜனம் கையில வச்சினு வர்ற காசு அதேதான். அதனால சின்னதா சின்னதா பிரிச்சி வெக்கிறோம். கூறு கொறையாது சாரு. எங்க காலு தான் தேயுது."

மீன் வாங்கிப் பழகிய எவனும் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பான். நைனாரால் முடியவில்லை, ஏனென்றால் அவர் மீனை நேராகப் பார்த்ததே இல்லை. நான் பார்த்தேன். கூறு சிறுத்துவிட்டது என்று வீட்டுக்கு வாங்கிப் போகும்போதெல்லாம் பேரம் பேசினேன். அதை அவர் நோட்டோடு சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. மீன் தின்னாதவர் செய்த தப்பு அது. தின்றவன் செய்த தப்பும்தான்.

மனு மீதான விசாரணைக்கு நான்கு நாள் இருந்தது. "பேசாம விட்ருங்க நைனார். அடுத்த வருஷம் திருத்தி எழுதிக்கலாம். இப்பப் போய் தப்புன்னு சொன்னா உங்க பேரு கெட்டுடும்," என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமலே பதில் சொன்னார்: "பேரு கெட்டா வேற ஊருக்கு மாத்தல் வாங்கிக்கினு போயிடுவேன் சார். அஞ்சலை எந்த ஊருக்கு மாத்தல் வாங்கும்?"

விசாரணையில் உப்பளக்காரரின் ஆள் நைனாரின் காகிதத்தைப் படித்தார். நைனார் எழுந்தார். "அந்தக் காகிதம் தப்பு. எழுதினவன் நான்தான். எண்ணினேன், எடை போடலை. எத்தனை நேரம் தண்ணியில நிக்கிறாங்கன்னும் கேக்கலை. எனக்கு மூணு மாசம் கொடுங்க," என்றார். அறை சிரித்தது. பொருளியல் வாத்தியாருக்கு எண்ணத் தெரியவில்லை என்று எவரோ சத்தமாகவே சொன்னார். நைனார் உட்காரவில்லை. அதிகாரி மூன்று மாதம் கொடுத்தார்.

அந்த மூன்று மாதமும் அவர் பத்தடி தள்ளி நிற்கவில்லை. கைத்தராசு வாங்கினார். இறாலையும் நண்டையும் தன் கையால் அள்ளிப் போட்டு நிறுத்தார். முதல் நாள் பாலத்தின் அந்தப் பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவர் சொந்த ஊரில் விஷயம் தெரிந்தது. கோயில் பூசையில் பெரியவர்கள் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். "நான் கொல்லலை, திங்கலை. இருக்கறதை இருக்குன்னு சொல்றதுக்கு நிறுத்துப் பார்க்கறேன். பொய் சொல்றதை விட இது பாவமா?" என்று கேட்டாராம். அவர் தள்ளி நிற்கவில்லை.

அடுத்த விசாரணையில் அவர் சொன்ன கணக்கு எளிமையானது. காடு நிற்கும் கிழக்குக் கரையில் ஒரு பெண் அரை நாளில் பிடிப்பதை, காடு போன மேற்குக் கரையில் ஒரு நாள் முழுக்க நின்றாலும் பிடிக்க முடியவில்லை. இறால் குஞ்சு அந்த வேர்களுக்குள்தான் வளர்கிறது. உப்பளக்காரர் உடனே தாராளமானார். வெட்டுகிற மரத்துக்கு இரண்டு மடங்கு வேறு இடத்தில் நட்டுத் தருவதாகச் சொன்னார்.

"தாராளமா நடுங்க," என்றார் நைனார். "அது வளந்து, வேர் விட்டு, இறால் வந்து சேர்ற வரைக்கும் இந்த வூடுங்கள்ல அடுப்பு எரியணுமே. அந்தச் செலவு உங்க திட்டத்துல எந்தப் பக்கத்துல இருக்கு? காட்டுங்க." உப்பளக்காரரின் ஆள் திட்டத்தைக் கடைசிவரை புரட்டினார், அப்படி ஒரு பக்கம் அதில் இல்லை. மனு திருப்பி அனுப்பப்பட்டது.

மேற்குக் கரை அப்படியே கிடக்கட்டும் என்றும் அவர் விடவில்லை. உப்பளக்காரர் கைவிட்டுப் போன ஒரு மூலையில் அலை உள்ளே வர வாய்க்கால் வெட்ட வைத்தார். பெண்களுக்குக் கூலி கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினார். நட்டதில் பாதி செத்தது. மறுபடி நட்டார்கள். இன்று அது என் இடுப்பளவு நிற்கிறது, இறால் இன்னும் வரவில்லை. "வளக்கறதை விட வெட்டாம விடறது எவ்ளோ சல்லிசுன்னு இப்பப் புரியுதா சார்?" என்று கையில் சேறோடு என்னைக் கேட்டவரை அமைதியானவர் என்கிறார்கள்.

அவருடைய நோட்டுகளைக் கல்லூரி நூலகத்தில் சேர்க்கும்படி அவர் மனைவி என்னிடம் கொடுத்தார். நான் சேர்க்கவில்லை, சேர்க்கப் போவதும் இல்லை. கிழக்குக் காட்டைக் கேட்டு வேறொரு பெயரில் புதிய மனு வந்திருக்கிறது. அடுத்த மாதம் திண்டிவனத்தில் விசாரணை. நைனார் இல்லை, இனிக் கேட்க ஆள் இல்லை என்று நினைத்துவிட்டார்கள்.

முதல் விசாரணையில் அறையே அவரைப் பார்த்துச் சிரித்தபோது நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கூறு சிறுத்ததை நானும் கண்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. அதற்காக அவர் ஒரு நாளும் என்னைக் குத்திப் பேசியதில்லை, அதுதான் இன்றும் குத்துகிறது. புதிய மனுவுக்கு எதிரான ஆட்சேபணையில் அஞ்சலையின் கைநாட்டுக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. உங்கள் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது எழுந்து நிற்பதை. அன்றைக்குச் சொல்லாததை முதலில் சொல்லிவிட்டு, பிறகு காட்டைப் பற்றிப் பேசுவேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கும் வரை உட்கார மாட்டேன்.