கெடு முடியும்வரை ஒரு நாற்காலி

சலவை ஆலையில் அவளுக்கு முடிச்சக்கா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது, அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் அழுக்குத் துணியை மூட்டை கட்டும் வேலைக்குத்தான் அவள் முதலில் சேர்ந்தாள். படுக்கை விரிப்பின் நாலு மூலையையும் இழுத்து அவள் ஒரு முடிச்சுப் போட்டால் மூட்டையை மாடியிலிருந்து உருட்டினாலும் பிரியாது. ஆனால் ஒரு முனையைப் பிடித்துச் சுண்டினால் போதும், சட்டென்று அவிழ்ந்துவிடும். மற்றவர்கள் போட்ட முடிச்சைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரித் துணியைப் பல்லால் கடிப்பது எப்படிப்பட்ட காரியம் என்று யோசித்துப் பார்த்தால் அவளுக்கு அங்கே இருந்த மரியாதை புரியும்.

நல்ல உழைப்பாளி. வாய் கொஞ்சம் நீளம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். தங்கைக்கு ஒரு கல்யாணம் முடியட்டும், அப்புறம் என் பாட்டைப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கைக்கு முடிந்தது, இவள் பாட்டைப் பார்க்கத்தான் யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. மாப்பிள்ளையும் அவளே பார்த்ததுதான். அதே ஆலையில் இஸ்திரிப் பிரிவின் சூப்பர்வைசர். குடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், அவர் “அக்கா” என்று இழுத்துக் கூப்பிட்டாலே எதிரில் இருப்பவர்கள் பாதி சரி என்று சொல்லியிருப்பார்கள். ஆலை முழுக்க அவரைச் சொக்கத் தங்கம் என்றது. அவளும் அப்படித்தான் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

அவரோடு சொந்தமான பிறகு அவளை இஸ்திரி உருளைக்கு மாற்றினார்கள். உயர்வு என்று சொல்லித்தான் மாற்றினார்கள். இரண்டு பேர் முன்னால் நின்று ஈர விரிப்பின் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். சூடான உருளை அதை இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் காய்ந்து மடிப்பில்லாமல் தள்ளும். உருளையின் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை அதில் பட்டால் உருளை உடனே நின்றுவிடும், அதற்காகத்தான் அதை வைத்திருந்தார்கள். ஆனால் விரிப்பின் தடித்த ஓரம் பட்டாலும் நின்றுவிடும். நின்றால் உள்ளே போன துணி கருகும். கருகிய துணிக்குச் சூப்பர்வைசர் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் அந்த ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வந்ததும் கம்பியை மேலே தூக்கி, கிழிந்த தலையணை உறையின் ஒரு கீற்றால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. தரையைக் கூட்டுவது மாதிரி, முகம் கழுவுவது மாதிரி, அது காலை வேலைகளில் ஒன்று. சோதனை அதிகாரி வருகிறார் என்று வாசலிலிருந்து தகவல் வந்தால் ஒரு சுண்டு சுண்டி அவிழ்க்க வேண்டும். நாள் முழுக்க அதிர்கிற இயந்திரத்தில் அவிழாமல் நிற்கவும் வேண்டும், கேட்ட நேரத்தில் அவிழவும் வேண்டும். அப்படி முடிச்சுப் போட ஆலையில் யார் இருக்கிறார்கள்?

அன்றைக்கும் மாப்பிள்ளை வந்து சொன்னார். “அக்கா, இன்னிக்கி ரெண்டு ஓட்டல் லோடு சேந்து வருது. கம்பிய நல்லா இறுக்கிக் கட்டிடுங்க.”

கட்டினாள். மத்தியானம் ஒரு விரிப்பு கோணலாகப் போனது. சுருக்கத்தைத் தட்டி நேராக்க வலது கையை நீட்டினாள், ஆயிரம் தடவை நீட்டிய கைதான். மிச்சத்தை நான் சொல்லப் போவதில்லை, கேட்டு யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. விரிப்பின் மறுமூலையைப் பிடித்திருந்தவள் வீரிட்டாள், யாரோ மெயின் சுவிட்சுக்கு ஓடினார்கள். வலி அப்போது தெரியவில்லை. அவளுக்கு நினைவிருந்தது ஒன்றுதான். மாப்பிள்ளை ஓடி வந்தார். வந்தவர் முதலில் மேலே எட்டி அந்தத் துணிக்கீற்றின் முனையைச் சுண்டினார். அது சமர்த்தாக அவிழ்ந்தது. அதைச் சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலில் பாதியும் மிஞ்சின.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது, நிஜமாகவே கலங்கியிருந்தது, அதில் பொய்யில்லை. பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல் பேசினார்.

“அக்கா, கம்பியக் கட்டினது யாருன்னு கேட்டா என்ன சொல்றது? நீங்கதான்னு தெரிஞ்சா கேஸு உங்க மேலயே திரும்பிடும். அதான் அந்தத் துணிய எடுத்து மறைச்சுட்டேன். நீங்க யார்கிட்டயும் வாயத் தெறக்காதீங்க. கம்பெனி உங்களக் கைவிடாது, நான் பாத்துக்கறேன்.”

கை போன கவலையிலும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. எப்பேர்ப்பட்ட மனுஷன், அந்தப் பதட்டத்திலும் என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியிருக்கிறதே என்று தங்கையிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். தங்கை தலையை ஆட்டினாள்.

சொன்னபடியே பார்த்துக்கொண்டார்கள். வெள்ளைத் துணி வெளியே போகும் வாசலருகே அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். மெத்தை வைத்த நாற்காலி. வண்டி வந்தால் மணியை அழுத்த வேண்டும், வண்டி போனால் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அதே சம்பளம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை மாப்பிள்ளை அந்தப் பக்கம் அழைத்து வந்து காட்டுவார். “இந்தக் கம்பெனி ஆளுங்கள எப்படி வச்சுக்குதுன்னு இந்தக்காவ பாத்தாத் தெரியும்.” அவளும் சிரிப்பாள். கை மேல் ஒரு துவாலை எப்போதும் கிடக்கும்.

உருளையில் கூட நின்று வீரிட்டவள் ஒருத்திதான் அவ்வப்போது வந்து காதைக் கடிப்பாள். “அக்கா, ஒரு வக்கீலப் பாரு. நஷ்டஈடுன்னு ஒண்ணு இருக்கு.”

“சம்பளம் குடுத்து உக்கார வச்சிருக்காங்க, அவங்க மேல கேஸ் போடறதா? எனக்கென்ன புத்தி பெசகிடுச்சா?” என்று அவளை விரட்டிவிடுவாள். கம்பியைக் கட்டியது தன் கைதான் என்பது அவளுக்கு உள்ளே முள்ளாக இருந்தது. அதைச் சொல்லவும் முடியவில்லை.

ஆனாலும் ஆசை இல்லாமலா இருக்கும்? ஒற்றைக் கையால் ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவும்போதும், சட்டைப் பொத்தான் போட முடியாமல் கண்ணாடி முன் நின்று அழும்போதும் வரும். மாப்பிள்ளையிடம் நஷ்டஈட்டுப் பேச்சை மெதுவாக எடுப்பாள். முதல் வருஷம், புண் ஆறட்டும் அக்கா என்றார். அடுத்த வருஷம், மேல பேசிட்டிருக்கேன், இந்த நேரத்துல அவசரப்பட்டா கெட்டுடும் என்றார். அதற்கடுத்த வருஷம் அவரே மேனேஜர் ஆனார். “இனிமே என் கையிலதான அக்கா இருக்கு, கொஞ்சம் பொறுங்க” என்றார். அவள் பொறுத்தாள். பொறுமையில் அவளை மிஞ்ச ஆளில்லை, தங்கையை வளர்த்ததே அதை வைத்துத்தானே.

ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் நாற்காலியைக் காணவில்லை. வாசலுக்கு மேலே ஒரு கேமரா முளைத்திருந்தது. ஆபீசில் ஒரு சின்னப் பெண், அவள் முகத்தையே பார்க்காமல், இனிமேல் அந்த வேலை இல்லை என்றாள். மேனேஜரைப் பார்க்கணும் என்றாள் இவள். மேனேஜர் லீவு என்றாள் அந்தப் பெண். நோய்நொடி என்று ஒரு நாள் லீவு போடாத மனுஷன்.

அப்போதுதான் வக்கீலைத் தேடிப் போனாள். செருப்புக் கடைக்கு மேலே, ஏறினால் ஆடுகிற மரப்படி. வக்கீலம்மாவுக்குச் சளி பிடித்திருந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துவாலையை எடுத்துக் கையைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்தினார். நல்ல கேஸ் என்று அவர் முகமே சொன்னது. அப்புறம், எப்ப நடந்தது என்று கேட்டார். இவள் சொன்னாள்.

“மூணு வருஷம் ஆயிடுச்சேம்மா.”

“ஆமாம்மா. மூணு வருஷமா ஒரு வார்த்தை பேசாம பொறுத்திருந்தேன்” என்றாள். அதில் ஒரு பெருமை. இவ்வளவு பொறுத்திருக்கிறாளே என்று கோர்ட்டில் நாலு மதிப்பெண் கூடப் போடுவார்கள் என்று அவள் மனசார நம்பியிருந்தாள்.

வக்கீலம்மா பேனாவை மூடினார். “இந்த மாதிரி கேஸெல்லாம் அடிபட்ட நாள்லேருந்து மூணு வருஷத்துக்குள்ள போட்டுடணும். அதான் கெடு. அது போன மாசத்தோட முடிஞ்சுபோச்சு.”

“கை இன்னும் இப்படியேதானம்மா இருக்கு?”

“கை இருக்கு. கேஸ்தான் இல்ல.”

“நான் வேலைய விட்டே இப்பத்தான ஒரு வாரம் ஆச்சு. இருக்கற வரைக்கும் எப்படிக் கேஸ் போடறது?”

“போடலாம்மா. வேலையில இருந்துக்கிட்டே போடலாம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தா கேட்டுப் பாக்கலாம். நினைவில்லாம கெடந்தீங்களா? எழுத்துல யாராவது ஏதாவது வாக்குக் குடுத்தாங்களா?”

“எழுத்துல இல்ல. தங்கச்சி வீட்டுக்காரர் பொறுத்துக்கச் சொன்னாரு.”

வக்கீலம்மா கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். எந்த நீதிபதி முன்னால் போய் அதைச் சொல்வது?

அவள் எழுந்திருக்கவில்லை. வந்ததற்கு அந்த முள்ளையாவது பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகலாம் என்று, கம்பியைக் கட்டியது நான்தான், அதனால் எனக்கு உரிமையும் இல்லைதானே என்று கேட்டாள். வக்கீலம்மா, கட்டச் சொன்னது யார் என்று திருப்பிக் கேட்டார். இவள் சொன்னாள்.

“அடப்பாவமே. கம்பியக் கட்டாம பாத்துக்க வேண்டியது அவங்க பொறுப்பு. நீங்க கட்டினதுக்குக் கொஞ்சம் கொறைச்சிருப்பாங்க, அவ்வளவுதான். உங்க மேல ஒண்ணும் திரும்பாது. மொதல்ல மாட்டியிருக்க வேண்டியது அந்தச் சூப்பர்வைசர்தான்.”

படியிறங்கும்போது அந்தத் துணிக்கீற்று கால்சட்டைப் பைக்குள் போவது மட்டும் கண்ணுக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது. யாரைக் காப்பாற்ற என்று இப்போது தெரிந்தது. மூன்று வருஷமாக அந்த ஆளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். தன் மேலேயே அவளுக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தங்கை வீட்டுக்குப் போனாள். கை போனதிலிருந்து வாரா வாரம் தலைக்கு எண்ணெய் தடவிப் பின்னிவிடுவது தங்கைதான். மாப்பிள்ளை வீட்டில் இல்லை, இவள் வரும் நேரத்தில் இப்போதெல்லாம் இருப்பதில்லை. சமையலறையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள், தங்கை பின்னால் நின்று சிக்கெடுத்தாள். தங்கையிடம் சண்டை போட அவள் வரவில்லை. பாவம், இவளுக்கு என்ன தெரியும், இப்படி ஒருத்தனைக் கட்டிவைத்தோமே என்று அவளை நினைத்துத்தான் வழியெல்லாம் வருந்திக்கொண்டு வந்தாள். வக்கீலம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்.

தங்கையின் கை நின்றது. பிறகு மறுபடி பின்ன ஆரம்பித்தது.

“அவர் என்னக்கா பண்ணுவாரு. மேல இருக்கறவங்க சொல்றதத்தான அவரு செய்யணும். மூணு வருஷம் முடியற வரைக்கும் அக்காவ எப்படியாவது உக்கார வச்சுக்கோன்னு சொல்லிட்டாங்க. அவரு ராத்திரியெல்லாம் தூங்காம பொரண்டாரு தெரியுமா?”

அடுப்பில் பால் பொங்கத் தயாராக இருந்தது.

“உனக்குத் தெரியுமா?”

தங்கை பின்னலை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

“எப்பலேருந்துடி தெரியும்?”

“மேனேஜர் வேலை வந்துச்சுல்ல, அப்ப சொன்னாரு.” தங்கை அழ ஆரம்பித்தாள். “நான் சொல்லியிருந்தா அவரு வேலை போயிருக்கும்க்கா. பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நாங்க எங்க போறது? உன்ன விட்டுடுவோமா நாங்க? ஒரு வேளைச் சாப்பாடு இங்கதான்னு அவரே சொன்னாரு.”

மேனேஜர் வேலை வந்தபோது கெடுவுக்கு முழுசாக ஒரு வருஷம் பாக்கி இருந்தது. அந்த வருஷம் முழுக்க, ஒரு ஞாயிறு தவறாமல், இந்தக் கை இந்தத் தலையைப் பின்னியிருக்கிறது. நெற்றியில் எண்ணெய் வழிந்தால் முந்தானையால் துடைத்தும் விட்டிருக்கிறது. அடுத்த வாரம் வா, அதற்கடுத்த வாரமும் வா என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பியிருக்கிறது. மாப்பிள்ளை செய்தது அவளுக்குச் சுட்டது. இது சுடவில்லை, அப்படியே உள்ளே இறங்கி உறைந்துபோனது.

அவள் எழுந்தாள். பின்னல் பாதியில் நின்றது, தங்கையின் விரலிலிருந்து முடி வழுக்கிக்கொண்டு வந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, இரண்டு பேரும் அணைக்கவில்லை. துவாலையைக் கை மேல் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து இடது கையால் செருப்பைத் திருப்பிப் போட்டாள்.

“அக்கா, அதையாவது முடிச்சுட்டுப் போக்கா. அவுந்த தலையோட தெருவுல இப்படியா போறது?”

அவள் திரும்பவில்லை.

“எங்கூடப் பேசமாட்டியா? எத்தன நாளைக்குக்கா?”

“வக்கீலம்மாவக் கேட்டுட்டு சொல்றேன்” என்றாள் அவள். “இதுக்கும் ஒரு கெடு வச்சிருப்பாங்க.”

பாதி பின்னிய தலையோடு தெருவில் இறங்கி நடந்தாள். எதிரில் வந்த ஆலைக்காரி ஒருத்தி, என்ன முடிச்சக்கா, தலை அவிழ்ந்து கெடக்கு என்று கேட்டாள். கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டேயிருந்தாள்.