பத்தொன்பது அங்குல டயர்

தோணிரேவு கிராமத்தைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் நடந்த பிறகுதான் சக்கரத்தை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினேன். பஸ்ஸில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். பின்சக்கரம் கழற்றிய என் மோட்டார் சைக்கிள், நண்டு வியாபாரம் செய்யும் அக்காவின் வேலியோரம் கல்லின் முட்டில் நின்றது. அவள் வெளியே கொட்டிய நண்டுகளைக் காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. செத்த நண்டை யாரும் வாங்குவதில்லை. கொடுக்கைக் கட்டி, ஈரச் சாக்குப் போட்டுக் கொடுப்பதை உயிரோடு பொன்னேரி கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை. மூன்று மாதம் செய்தேன். நான் ஓரிடத்தில் அவ்வளவு நாள் நிலைத்ததே அதிகம்.

வண்டி என்னைவிட மூத்தது. முன்னும் பின்னும் பத்தொன்பது அங்குலச் சக்கரம். பின் டயர் தேய்ந்தபோது, பொன்னேரி டயர் கடைக்காரர் ரிம்மை மாற்றிப் பதினெட்டு போடச் சொன்னார். அது எந்தத் தெருவிலும் கிடைக்கும் என்றார். நான் கேட்கவில்லை. இரண்டு சக்கரமும் ஒரே அளவாக இருந்தால் ஒரு மாற்று டியூபை வைத்துக்கொண்டு எங்கும் போகலாம். ஊர் ஊராகச் சுற்றியவன் போட்ட கணக்கு அது. அலைந்து திரிந்து வேறோர் ஊரில் ஒரு மூலைக் கடையில் பத்தொன்பதைக் கண்டுபிடித்தேன். புது டயரில் இருக்கும் ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. அதைத் தடவிப் பார்த்தே வாங்கினேன்.

கோடையில், நண்டு பிடிக்கும் ஏரி உள்வாங்கிவிடும். கூடைகளை ஏற்றும் படகுத்துறையிலிருந்து தார் ரோடுவரை மணல்தான். அங்கே எல்லோரும் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடுவார்கள். அப்போதுதான் சக்கரம் புதையாது. திரும்ப அடிக்க யாரிடமும் பம்பு இருக்காது. பஞ்சர் கடை வரும்வரை அப்படியே ரோட்டில் ஓட்டுவார்கள். நானும் அப்படித்தான் ஓட்டினேன். அன்று நடுவழியில் டயர் ரிம்மின் மேல் வழுக்கிச் சுற்றி, டியூபின் வால்வைப் பிய்த்துவிட்டது.

அப்போதே அக்காவுக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். நிழலில்லாத ரோட்டில் கூடைகளை விட்டுவிட்டு, எங்கோ ஒரு வீட்டில் சைக்கிள் பம்பு கேட்டு வாங்கி வர ஒரு மணி நேரம். மாற்று டியூபைப் போட்டுக் காற்றடித்ததும் டயரின் பக்கவாட்டுச் சுவர் பிளந்து டியூப் பிதுங்கி வெடித்தது. அதன் பிறகுதான் போன் செய்தேன். அக்கா அனுப்பிய லோடு ஆட்டோக்காரன் வந்து என்னையும் வண்டியையும் கூடைகளையும் அவள் வீட்டுக்கே திருப்பி ஏற்றிப் போனான்.

அக்கா சாக்கை விலக்கிப் பார்த்தாள். ஒரு நண்டும் அசையவில்லை.

"போன் இன்னாத்துக்கு வச்சிக்கிற? படம் பாக்கவா?"

"சரி பண்ணிடலாம்னு பாத்தேன்க்கா."

"உன்ன நம்புனதுக்கு ஒரு கழுத வாங்கியிருக்கலாம். படுத்துக்கிச்சுனா ஒதச்சாவது எழுப்பலாம்."

"கழுதைக்கு டயரு தேட வேணாம்க்கா," என்றான் ஆட்டோக்காரன்.

"நாளையிலேர்ந்து லோடு ஒனக்குத்தான்," என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கூடையைக் கவிழ்த்தாள்.

சக்கரத்தோடு நடந்த என்னை வழியில் ஒரு தண்ணீர் லாரி ஏற்றிக்கொண்டது. பொன்னேரிக் கடைக்காரர் டயரைக் கட்டை விரலால் அழுத்தினார். முடிகளுக்கு நடுவே மெல்லிய வெடிப்புகள் வாயைத் திறந்தன.

"அளவு கரெக்ட்டுதான். இந்த நாலு நம்பர பாத்தியா? மொத ரெண்டு எத்தினியாவது வாரம்னு, அடுத்த ரெண்டு எந்த வருசம் செஞ்சதுனு. கடையிலயே பதினோரு வருசம் தூங்கியிருக்குது."

"மாடல் நம்பர்னு நெனச்சேன்ணே."

"எத்தினியாவது படிச்ச?"

"எட்டு."

"அப்ப நம்பர் தெரியுமே," என்றார்.

பத்தொன்பது வரவழைக்கப் பத்து நாளாகும். பதினெட்டு போடுவதென்றால் ரிம், ஸ்போக்கு, டயர் எல்லாமே வாங்க வேண்டும். என்னிடம் இரண்டுக்கும் வழியில்லை. சக்கரத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அதே லோடு ஆட்டோவில் கூடை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அதே நண்டு. அக்கா என் பக்கம் திரும்பவில்லை. மணல் தொடங்கும் இடத்தில் ஆட்டோக்காரன் வண்டியை நிறுத்திக் காற்றை இறக்கச் சொன்னான். பின்சக்கரத்தின் அருகே குந்தி, சேற்றைத் துடைத்து அந்த நாலு நம்பரைத் தேடினேன்.

"இன்னா, டயருக்கு ஜாதகம் பாக்குறியா? எறக்குபா."

இறக்கினேன்.